ராஜராஜ சோழனுக்கு எத்னிக் ஸ்டடீஸில் என்ன வேலை?

ஃப்ரீமாண்டில் தமிழ்ப் பள்ளி விடும் நேரம். பிள்ளைகளுக்காக வாசலில் காத்திருந்தபோது நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு மனுவைக் காட்டினார். கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளுக்கு எத்னிக் ஸ்டடீஸ், அதாவது அமெரிக்காவின் இனக் குழுக்களின் வரலாற்றைப் படிக்கும் பாடம், வருகிறது. 2021இல் மாநிலம் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் சீக்கியர்களுக்கு ஒரு பாடம், ஆர்மீனியர்களுக்கு ஒரு பாடம், யூதர்களுக்கு ஒரு பாடம். நமக்கு மட்டும் ஏன் இல்லை? கீழடியையும் ராஜராஜ சோழனையும் சேர்க்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் மனுவின் சாரம். நல்ல மனிதர், வருடம் முழுக்கத் தன் சனிக்கிழமைகளை அந்தப் பள்ளிக்கே கொடுப்பவர். ‘வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுப் போடுகிறேன்’ என்று நழுவிவிட்டேன். போடப் போவதில்லை என்று அப்போதே தெரியும். ஏன் என்று அவர் நிறுத்திக் கேட்டிருந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்காது. அதனால் நீளமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு இந்தப் பாடத்தோடு பழக்கம் ஏற்பட்டதே என் அக்கா மகளால்தான். ஃபோல்சமில் வளர்ந்த பெண். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது குடும்பமே ஆளுக்கொரு முதன்மைப் பாடத்தை மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தது. அத்தானுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ், அக்காவுக்கு எப்படியாவது டாக்டருக்கு முந்தைய படிப்பு. இரண்டாம் வருடத்தில் அவள் எத்னிக் ஸ்டடீஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வீட்டில் சொன்னாள். அன்றிரவே அக்கா போன். “நீதான் பக்கத்துல இருக்க. போய் என்னன்னு கேளுடா. அவளுக்கு மாமான்னா ஒரு இது உண்டு.” போனேன். புத்தி சொல்லப் போனவன், பாதி நாள் அவளோடு நடந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பார்ட் ரயில் ஏறித் திரும்பினேன்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். சட்டக் கல்லூரி, பள்ளி ஆசிரியர் பயிற்சி, சமூகப் பணி, பொதுச் சுகாதாரம், நகராட்சி அலுவலகங்கள் என்று இந்தப் படிப்புக்குப் பின் போகிற வழிகள் தெரிந்தவைதான். 2020இல் வந்த சட்டப்படி கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அத்தனை பேரும் ஒரு எத்னிக் ஸ்டடீஸ் பாடமாவது படித்தாக வேண்டும் என்பதால் கற்பிக்க ஆட்களும் தேவைப்படுகிறார்கள். ஆனால் சாஃப்ட்வேரில் சேர்ந்த சித்தப்பா மகனின் முதல் வருடச் சம்பளத்தை இவள் பல வருடம் பார்க்க மாட்டாள். அவளுக்கும் அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவ்வளவுதான் அதில் பேச இருப்பது.

கட்டடத்திலிருந்து ஆரம்பித்தாள்

அன்று அவள் என்னை முதலில் கூட்டிப்போனது தன் துறை இருந்த கட்டடத்துக்கு. அதற்கு நெடுநாள் பாரோஸ் ஹால் என்று பெயர். டேவிட் பாரோஸ் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அதற்கு முன்னால், பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் பிடியில் இருந்தபோது, அங்கே கல்வித் துறையை நடத்தியவர். அந்த நாட்டு மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று நம்பியவர், எழுதியவர். பிலிப்பினோ மாணவர்கள் பல வருடம் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைந்துதான் தங்கள் வரலாற்றைப் படித்தார்கள். 2020இல் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் சமூக அறிவியல் கட்டடம். “பேரை எடுத்தது பெரிய விஷயமில்ல மாமா. எதுக்காக எடுக்கணும்னு நூறு பக்கம் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது பாருங்க, அந்த வேலையைத்தான் நாங்க படிக்கிறோம்” என்றாள்.

இந்தத் துறை யாரோ ஒரு கல்வியாளர் யோசித்து வடிவமைத்தது கிடையாது. வேலைநிறுத்தத்தில் பிறந்தது. 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும், மெக்சிகோ, சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் வம்சாவளி மாணவர்கள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். ஐந்து மாதம் நடந்தது. அமெரிக்க மாணவர் போராட்டங்களில் அவ்வளவு நீண்டது வேறொன்று இல்லை என்பார்கள். தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா தானே ஜப்பானிய வம்சாவளி, மொழியியல் அறிஞர். மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். தொலைக்காட்சியில் அது வந்த வேகத்தில் நாடறிந்த மனிதராகி, பிற்பாடு செனட்டராகவும் ஆனார். மாணவர்களும் கேட்டதில் பெரும்பங்கைப் பெற்றார்கள்: 1969இல் எத்னிக் ஸ்டடீஸுக்கென்றே தனிக் கல்லூரி வந்தது. பெர்க்லியில் வேலைநிறுத்தம் அதே வருடம் ஜனவரியில் தொடங்கியது. ஆளுநர் ரீகன் அவசர நிலை அறிவித்தார், கண்ணீர்ப்புகை, போலீஸ், எல்லாம் ஆயிற்று. அங்கே மாணவர்கள் கேட்டது ஒரு மூன்றாம் உலகக் கல்லூரி, கிடைத்தது ஒரு துறை. அந்தக் குறை இன்னும் அங்கே பேச்சில் இருக்கிறது.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1960களின் ஆரம்பத்தில் பெர்க்லியில் ஆஃப்ரோ அமெரிக்கன் அசோசியேஷன் என்று கறுப்பின மாணவர்கள் ஒரு வாசிப்புக் குழு நடத்தினார்கள். வகுப்பில் கிடைக்காத வரலாற்றைத் தாங்களே படித்து, விவாதித்து, சண்டை போட்டார்கள். பின்னாளில் பிளாக் பாந்தர் என்ற கறுப்பினப் போராட்டக் கட்சியைத் தொடங்கிய ஹூயி நியூட்டனும் பாபி சீலும் அந்தக் கூட்டங்களுக்குப் போனவர்கள். அதில் உட்கார்ந்திருந்த ஒரு இந்தியப் பெண், பத்தொன்பது வயதில் தனியாக அமெரிக்கா வந்த சியாமளா கோபாலன். கமலா ஹாரிஸின் தாயார். 2020இல் கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியபோது வாட்ஸ்அப்பில் பொங்கிய நம் குழுக்களில், அவர் இட்லி சுட்டுக் கொடுத்த கதை வந்தது, அந்த வாசிப்புக் குழுவைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சான் புரூனோவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்ததைச் சொன்னாள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாதென்று சட்டம் போட்டார்கள் அல்லவா, அதன் பிறகு வந்தவர்களை ஏஞ்சல் தீவில் அடைத்து வைத்து விசாரித்த கோப்புகள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. உன் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? பக்கத்து வீட்டுக்காரன் பெயர் என்ன? வந்தவனிடமும், ஏற்கெனவே இங்கிருக்கும் அவன் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டு, பதில் பொருந்தாவிட்டால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். 1906 பூகம்பத் தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோனதால் நான் இங்கேயே பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்தது, காகிதத்தில் மட்டும் மகனாக இருப்பவர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள், கேள்விகளும் கடுமையாயின. சென்னை ஜெமினி பக்கம் விசா வரிசையில் ஃபைலை மார்போடு அணைத்து நின்ற யாருக்கும் இந்தக் கதை சட்டென்று புரியும். அவள் கையில் ஒரு கோப்பைக் கொடுத்து, இந்த ஆள் சொல்வதில் எது உண்மை, எது மனப்பாடம், கேட்கும் அதிகாரி எதை எழுதாமல் விட்டான் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கோப்புக்கு மூன்று வாரம். சோம்பேறிப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் நான் எடுத்துச் சொன்னது இதை மட்டும்தான்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கு

கடைசி வருடத்தில் அவள் ஆய்வறிக்கைக்கு எடுத்துக்கொண்டது பகத் சிங் தின்ட் வழக்கு. இங்குள்ள இந்தியர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். பஞ்சாபிலிருந்து 1913இல் வந்தவர், ஆரிகனில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர், முதல் உலகப் போரில் தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடிமகனாக முடியும். 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதான் அன்றைய மானுடவியல் நூல்கள் வகைப்படுத்தியிருந்தன. அப்படியானால் தின்ட் ஜெயித்திருக்க வேண்டும். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி சதர்லேண்ட், அறிவியல் என்ன சொன்னால் என்ன, சாதாரண ஆள் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று எழுதிவிட்டார்.

தீர்ப்புக்குப் பின் ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள். வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் பணத்தோடும் குடும்பத்தோடும் வந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்தவர். குடியுரிமை போயிற்று; அதோடு, சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி கலா பகாய் பெயரில் இன்று பெர்க்லி நகர மையத்தில் ஒரு தெரு இருக்கிறது. அதே நகரத்தில்தான், அவர்கள் வாங்கிய வீட்டுக்குள் குடிபோக விடாமல் அக்கம்பக்கத்தார் பூட்டுப் போட்டார்கள்.

ஆய்வறிக்கை முடியும் சமயம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் பாட்லக். ஃபோல்சமிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள், நான்கைந்து குடும்பங்கள். சாப்பாடு முடிந்து, மேசையில் மிச்சமிருந்த மெதுவடைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் தன் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா எழுதுறே என்று ஒருவர் கேட்க, கதையைச் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு, தின்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த வாதத்தைப் படித்துக் காட்டினாள். மஞ்சள் மையால் கோடிட்டு, ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருந்த நகல் அது. இவர் உயர்சாதி இந்து, சுத்தமான ஆரிய ரத்தம் என்கிறது அந்த வாதம். அதற்கு நிரூபணம்? இந்தியாவில் உயர்சாதிக்காரர், திருமணம் என்று வரும்போது, அங்குள்ள பூர்வகுடியை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் அமெரிக்கர் நீக்ரோவைப் பார்க்கிறார். ஆகவே நாங்களும் உங்களைப் போலத்தான். அன்றைய சொல்லிலேயே படித்தாள்.

“ஆரியன்னு சொல்லிக்கிட்டுப் போனான்ல, நல்லா வேணும்” என்றார் ஒருவர். சிரிப்பு. “நம்மகிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நாம திராவிடங்க. நம்மளையும் சேர்த்துத்தானே அவன் திட்டியிருக்கான்?” என்றார் இன்னொருவர். அவரவருக்குப் பள்ளிக்கூட நாளில் கேட்ட மேடைப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது. வடக்கே இருந்து வந்தவன் சறுக்கிய கதை நமக்கு என்றும் இனிக்கும்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “அங்கிள், அவர் வாதத்துல ஆரியன்ங்கிறது முக்கியமில்ல. அதை ஜட்ஜே தூக்கிப் போட்டுட்டார். கல்யாணம்னு ஒரு வார்த்தை வருது பாருங்க. யார் வீட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்ங்கிறதை வச்சு நான் யாருன்னு நிரூபிக்கிறேன்னு சொல்றார். அதை மட்டும் தனியா எடுத்து, இந்த ரூம்ல பொருந்துமான்னு பார்த்தா என்ன வரும்?” என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, தாளைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே மேசையில் அக்கா, அத்தானின் தம்பி மகனுக்கு வரன் பார்க்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சான் ஹோசேயில் ஒரு பெண், படிப்பு, வேலை, நிறம் எல்லாம் சரி, “ஆனா நம்ம ஆளுங்க இல்லையாம், அதான் யோசிக்கிறாங்க.” மேட்ரிமோனி தளத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருப்பதும், முதலில் அதைத்தான் எல்லோரும் நிரப்புகிறார்கள் என்பதும் அந்த அறையில் தெரியாதவர் இல்லை. அக்கா எழுந்து காபி போடப் போய்விட்டாள். திராவிடர் என்றவர் தன் மகனைக் கூப்பிட்டு ஷூ போடச் சொன்னார்.

அது 2023. கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்யும் மசோதா சட்டமன்றத்தில் ஓடிக்கொண்டிருந்த வருடம். கோயில் வாசல்களில் இரண்டு பக்கமும் துண்டறிக்கை கொடுத்தார்கள். சட்டமன்றம் நிறைவேற்றியது, அக்டோபரில் ஆளுநர் நியூசம் இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மசோதாவைப் பற்றி எங்கள் வட்டத்தில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. ஆனால் அன்று மேசையில் அவள் கேட்டது மாதிரி என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில், திருநெல்வேலிக்குத் தெற்கே, எங்கள் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த பெரியவர் ஒருவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாத்தா வயது அவருக்கு, நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இன்ஜினியரிங் நான்கு வருடம், இங்கே மாஸ்டர்ஸ் இரண்டு வருடம், எந்த வகுப்பிலும் அவரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

மனு விஷயம்

என் நண்பர் எத்னிக் ஸ்டடீஸை ஒரு பெரிய கொலு மாதிரி நினைக்கிறார். ஆளுக்கொரு படி, அதில் அவரவர் பொம்மை. கலிஃபோர்னியா மாதிரிப் பாடத்திட்டம் தயாரான காலத்தில் எல்லாச் சமூகங்களும் அப்படித்தான் நினைத்தன. 2019இல் முதல் வரைவு வந்ததும் எங்களை விட்டுவிட்டீர்கள், எங்களைத் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று வந்த எதிர்ப்பில் மாற்றி மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கோபங்களில் சில நியாயமானவை. ஆனால் இந்தப் பாடத்தின் மையமாக நான்கு கூட்டத்தாரை வைத்ததற்குக் காரணம் அவர்கள் பழம்பெருமை உள்ளவர்கள் என்பதல்ல. நிலம் பறிக்கப்பட்ட பூர்வகுடிகள், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், போரில் எல்லையே தங்களைத் தாண்டிப் போய்விட்ட மெக்சிகர்கள், வேலைக்கு வரவழைக்கப்பட்டுப் பிறகு கதவு சாத்தப்பட்ட ஆசியர்கள். அமெரிக்கா என்கிற நாடு எப்படிக் கட்டப்பட்டது என்பதை இவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியில் ராஜராஜனுக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் பெரிய கோயிலைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுப்போம், அதற்குத்தானே நடத்துகிறோம்.

தமிழர்களுக்கு அந்தப் பாடத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1965 குடிவரவுச் சட்டம் நாட்டுக்கு நாடு இருந்த பழைய ஒதுக்கீட்டை எடுத்து, படிப்புக்கும் குடும்பத்துக்கும் முன்னுரிமை கொடுத்தது. 1946இல் இந்தியாவுக்கென்று வருடத்துக்கு 100 பேர் என்று வைத்திருந்தார்கள், நினைத்துப் பாருங்கள். சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்த சட்டம் அது. அப்பாக்கள் வயலை விற்றுப் படிக்க வைத்த கூட்டத்துக்கும், ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிய கூட்டத்துக்கும் அந்த வாசல் ஒரே மாதிரி திறந்ததா? அதைப் பற்றி ஒரு பாடம் எழுதச் சொல்லி மனு வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். 2021இல் உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டாயமாக்கிய சட்டத்திலேயே, பணம் ஒதுக்கினால்தான் அமலாகும் என்று ஒரு வரி இருப்பதால், மனு போட நேரம் நிறையவே இருக்கிறது.

இந்தத் துறையின் மேல் எனக்குச் சில வருத்தங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவள் படித்த கட்டுரைகளில் பல, முதல் பத்தியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு சாட்சி தேடுகின்றன. நடை சொல்லவே வேண்டாம். வயலில் நின்ற பஞ்சாபித் தொழிலாளியைப் பற்றி எழுதியதை அவர் பேரனே படித்தாலும் விளங்காது. அப்புறம், தெற்காசியர் என்றால் பெரும்பாலும் பஞ்சாப், இல்லையென்றால் வங்காளம். விந்தியத்துக்குத் தெற்கே சாதியை யார் யார் என்னவெல்லாம் கேள்வி கேட்டார்கள் என்பது அங்கே அதிகம் தெரியாத சங்கதி. அவளிடம் சொன்னேன். “அப்ப நீங்க சொல்லிக் கொடுங்க மாமா. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தானே படிக்க வருது” என்றாள்.

அப்படித்தான், சாதியைக் கேள்வி கேட்டுத் தமிழில் எழுதிய அயோத்திதாசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் வெள்ளைத் தொழிலாளர்கள் கூட்டமாகத் திரண்டு இந்தியத் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள். அவளுடைய முதல் அத்தியாயமே அதில்தான் தொடங்குகிறது. அதே வருடம் ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையை அவர் ஆரம்பித்தார். பூர்வ பௌத்தர்களை எப்படித் தாழ்ந்தவர்களாக்கினார்கள் என்று வாரா வாரம் எழுதினார். தொகுதியை நான் உரக்க வாசிப்பேன், அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்பாள், குறிப்பெடுப்பாள். பழைய நடை, எனக்கே சில இடங்களில் பல் உடைகிறது. அவர் சொல்லும் வரலாற்றில் பாதியை இன்றைய ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று நான் இழுப்பேன். ஒப்புக்கொள்வது இருக்கட்டும், அன்றைக்கு அவர் எதற்காக அப்படி எழுத வேண்டியிருந்தது, அதைச் சொல்லுங்கள் என்பாள். பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த பிறகும் வாய்த்த ஞாயிறுகளில் இது நடக்கிறது. போன வாரம் அக்காவும் வந்து உட்கார்ந்தாள், பாதியில் போகவில்லை. அந்த வரன் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. லா ஸ்கூலுக்கு இன்னும் வயசு இருக்கு என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.